நோட்டுக்கு அட்டை போடத் தெரியுமா? அப்படியானால் பரிசையும் நீங்களே பொதியலாம்

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினேன். கையிலிருந்த காசு கடிகாரத்தோடு தீர்ந்தது. வீட்டில் கிடந்த செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு நூல் கட்டி எடுத்துப் போனேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேடையேறி நீட்டியதும் பெரியம்மாவின் முகம் மாறியது. பெட்டியின் மேற்பக்கத்தில், சரியாக நட்டநடுவில், கட்டம் கட்டி, படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி'. பெரியப்பா மட்டும் சிரித்தார். "எனக்கு இன்னும் நேரம் இருக்குன்னு கடிகாரத்தையே குடுத்துட்டயே கண்ணு."

அதனால் முதல் விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் பொதிந்தால், மேலே எந்தப் பக்கம் வருகிறது என்று படித்துப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு முகூர்த்த சீசன்களுக்கு, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பேக்கிங் மேஜையில் நின்றேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பெட்டிகள் கைக்கு வரும். அங்கே கண்ணால் பார்த்தது இதுதான்: பளபளக்கும் ஜிகினாத் தாளில் தொளதொளவென்று சுற்றிய பெட்டி இரண்டாந்தரமாகத் தெரியும். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளில், மூலைகள் கூர்மையாக மடிந்த பெட்டி எடுப்பாக இருக்கும். காசு தாளுக்குப் போகிறது, அழகோ மடிப்பிலிருந்து வருகிறது. ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்த கை உங்களுடையது என்றால் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

பொதிவதற்கு ஒரு பரிசுக்கு 20 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடித்துவிடுகிறேன்.

எதை எங்கே பிடிப்பது

கூர்மையான கத்தரிக்கோல், 30 செ.மீ. ஸ்கேல், செல்லோ டேப், முடிந்தால் ஒரு டபுள் சைடு டேப். காசு கொடுத்து வாங்க வேண்டியவை இவ்வளவுதான். கத்தரிக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மொட்டைக் கத்தரிக்கோல் தாளை வெட்டாது, கடிக்கும். மடிப்பை அழுத்த ஒரு ஸ்பூனின் முதுகு போதும்.

தாளுக்கு முதலில் தேட வேண்டியது பழைய மாதக் காலண்டர். ஆண்டுக் கடைசியில் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் கொடுத்தது வீட்டுக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். தாள் கெட்டி, பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துப் பொதிந்தால் காசு கொடுத்து வாங்கிய தாள் மாதிரியே இருக்கும். ஒரு குறை உண்டு. தாள் கெட்டி என்பதால் சின்னப் பெட்டிகளில் மூலை மடிப்பு தடித்துத் தெரியும். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குக் காலண்டர் தாள் வேண்டாம்.

அடுத்தது ரோஸ் தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியவர்களுக்குத் தெரியும், வெள்ளியைப் பொதிந்து கொடுக்கும் அந்த மெல்லிய தாள். பிரித்த கையோடு கசக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். பெட்டிக்குள்ளே பொருளைச் சுற்ற அதைவிட நல்ல தாள் கிடையாது. சுருக்கம் விழுந்திருந்தால் மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம்.

பிரவுன் தாள் ஸ்டேஷனரிக் கடையில் சுருளாகக் கிடைக்கும். ஒரு சுருள் வாங்கினால் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க வரும்.

நூலுக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் போகலாம். தறி வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் மீந்துபோன நூலைக் கேளுங்கள். கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று எந்த ரிப்பன் கடையிலும் இல்லாத நிறங்கள் வரும். தறிக்காரர் யாரும் பழக்கமில்லை என்றால் தெருமுனைத் தையல்காரரிடம் போங்கள். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை அவர் பையில் கட்டி வைத்திருப்பார். "அண்ணா, பட்டுத் துண்டு இருந்தா கொஞ்சம் குடுங்க" என்றால் கைநிறையக் கொடுப்பார். இரண்டு விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்தால் அதுவே ரிப்பன். கத்தரியால் வெட்டாமல் கிழித்தால் ஓரத்தில் பிசிறு சீராக வரும். பருத்தித் துணி நேராகக் கிழியும். பாலியெஸ்டர் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

வ.உ.சி. பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் வாழைநார் கிடைக்கும். பிரவுன் தாளின் மேல் அது நல்ல எடுப்பு. காய்ந்த நார் முறியும். அதனால் பூக்காரர்கள் மாதிரியே தண்ணீரில் போட்டு எடுங்கள், ஆனால் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் தாளில் கட்ட வேண்டும். இல்லையென்றால் தாளில் கறை திட்டுத்திட்டாக நிற்கும்.

பசைக்குக் கடை தேட வேண்டாம்

சேலத்துக்காரர் பசை வாங்குவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி நம்முடையது. அது மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்வது, அந்த மாவு நல்ல பசை. இரண்டு ஸ்பூன் மரவள்ளி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். பால் மாதிரி இருந்தது திடீரென்று கண்ணாடி மாதிரி மாறும், கரண்டி கனக்கும். அந்த நொடியே இறக்கிவிடுங்கள். மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் குழையக் காய்ச்சி, வடிகட்டிய கஞ்சியும் ஒட்டும், பிடிப்பு கொஞ்சம் குறைவு.

ஆறிய பிறகு மெல்லியதாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் தாள் ஊறிச் சுருங்கும். அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்குத்தான். மறுநாள் வாடை வரும்.

ஒரு பெட்டியை முழுதாகப் பொதிந்து பார்ப்போம்

கையில் ஒரு எவர்சில்வர் டிபன் செட் பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். நீளம் 30, அகலம் 20, உயரம் 6 செ.மீ.

1. விலைச் சீட்டை எடுங்கள். பெட்டியின் அடியிலும் ஒன்று ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, சுரண்டித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் மேல்தாளில் தெரியும்.

2. தாளை அளங்கள். ஒரு பக்கம், பெட்டியின் குறுக்குச் சுற்றளவோடு 3 செ.மீ. கூட: 20+6+20+6 = 52, ஆக 55. மறுபக்கம், பெட்டியின் நீளத்தோடு இரண்டு முனைக்கும் உயரத்தில் முக்கால் பங்கு: 30+4.5+4.5 = 39. கடையில் விற்கும் கிஃப்ட் தாள் பெரும்பாலும் 50க்கு 70 செ.மீ. இருக்கும், ஒரே தாளில் முடிந்துவிடும். பழக்கம் வரும்வரை பழைய பேப்பரில் ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டு நல்ல தாளைத் தொடுங்கள்.

3. தாளின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டும் இடம் அடிப்பக்கம் போகும். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் தடுமாறுவது இங்கேதான்.

4. ஒரு ஓரத்தை இழுத்துப் பெட்டியின் மேல் கொண்டுவந்து ஒரு துளி டேப்பில் நிறுத்துங்கள். மறு ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடித்து, அந்த மடிப்பின் உள்ளே டபுள் சைடு டேப் வைத்து இழுத்து ஒட்டுங்கள். வெட்டிய ஓரம் மறைந்துவிடும், டேப்பும் தெரியாது. கைவேலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்த ஒரு மடிப்பு மானத்தைக் காப்பாற்றும்.

5. இப்போது இரண்டு முனைகள். பெட்டியின் பக்கவாட்டுத் தாளை இரண்டு புறமும் உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு சரிந்த இறக்கைகள் உருவாகும். ஒவ்வொரு சரிவையும் ஸ்பூனால் அழுத்தி வாருங்கள். பெட்டி கவிழ்ந்து கிடப்பதால், இப்போது கீழே இருக்கும் இறக்கைதான் பரிசின் மேல்முகம். மேஜையோடு ஒட்டியிருக்கும் அதை முதலில் மடித்து மேலே தூக்குங்கள். அப்புறம் மேலிருக்கும் இறக்கையின் நுனியை உள்ளே மடித்து, இழுத்து இறக்கி ஒட்டுங்கள்.

6. பெட்டியைத் திருப்பி, எல்லா விளிம்புகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிக்கொண்டே போங்கள். அரை நிமிட வேலைதான். கடையில் பொதிந்தது மாதிரி தெரிவது இதனால்தான்.

மூலையில் தாள் உப்பி நின்றால் உயரத்துக்கு விட்ட தாள் அதிகம் என்று பொருள். பிரித்து அரை செ.மீ. வெட்டிவிடுங்கள். மேலே மேலே டேப் ஒட்டிச் சரிக்கட்ட வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், முதலுதவிப் பெட்டி மாதிரி இருந்தது.

மிஞ்சிய தாளில் 15 செ.மீ. அகலத் துண்டு ஒன்று வரும். விசிறி மடிப்பு மடித்து நடுவில் கட்டினால் அதுவே மேலே வைக்கும் பூ.

நூலைக் கயிறாக்குவது

கடை ரிப்பனை விட்டு நான் விலகியது இந்தக் கயிற்றால்தான். அம்மாப்பேட்டை நூலில் 2 மீட்டர் நீளத்துக்கு ஆறு இழை எடுங்கள். மூன்று ஒரு நிறம், மூன்று வேறு நிறம் என்றால் இன்னும் நல்லது. எல்லா இழைகளின் ஒரு முனையையும் சேர்த்துக் கதவுக் கொண்டியில் கட்டுங்கள். மறுமுனையை ஒரு பென்சிலில் கட்டி, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பென்சிலை ஒரே திசையில் சுழற்றுங்கள். விடாமல் சுழற்றுங்கள். கொஞ்சம் தளர்த்தினால் நூல் பாம்பு மாதிரி தன்மேல் தானே சுருளப் பார்க்கும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்.

இப்போது கையை விடாமல், நடுவில் கத்தரிக்கோலைத் தொங்கவிடுங்கள். பென்சில் முனையைக் கொண்டி முனையோடு சேருங்கள். கத்தரிக்கோல் தானாகவே கிறுகிறுவென்று சுழலும். அது நின்றதும் பார்த்தால் இரண்டு நிறமும் பின்னிய கயிறு தொங்கும். முனையில் முடிச்சுப் போட்டு எடுத்துவிடுங்கள். என் அக்கா மகன் இந்தக் கத்தரிக்கோல் சுழல்வதைப் பார்ப்பதற்காகவே இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு, ஒரே மாலையில் எட்டுக் கயிறு திரிக்க வைத்தான்.

2 மீட்டர் நூல் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான கயிறாகும். நம் டிபன் செட் பெட்டிக்குக் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட அது போதும். நீளவாக்கிலும் சேர்த்துக் கூட்டல் குறியாகக் கட்ட வேண்டுமென்றால் மூன்றரை மீட்டரில் தொடங்குங்கள்.

கயிறு நிறமாக இருந்தால் தாள் வெறுமையாக இருக்கட்டும். தாளில் படமிருந்தால் கயிறு ஒரே நிறம். இரண்டும் போட்டி போட்டால் கண் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும்.

பெட்டி இல்லாத பொருளுக்கு

குத்துவிளக்கு, சொம்பு, பொம்மை இவற்றைத் தாளில் சுற்றினால் மிட்டாய்ப் பொட்டலம் மாதிரி ஆகும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மளிகைக் கடைக் காகிதப் பை. காலண்டர் தாளைக் குழல் மாதிரி வளைத்து ஓரத்தைப் பசையால் ஒட்டித் தட்டையாக அழுத்துங்கள். அடிப்பக்கத்தில் 7 செ.மீ. மேலே மடித்து, அந்த மடிப்பை விரித்தால் இருபுறமும் முக்கோணமாகப் படியும். மேலிதழையும் கீழிதழையும் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடித்து ஒட்டுங்கள். அடியில் ஒரு அட்டைத் துண்டு. வாயை இரண்டு முறை மடித்து, இரண்டு ஓட்டை போட்டு, கயிறு கோத்துவிடுங்கள். பசை நன்றாகக் காயும்வரை பொருளை உள்ளே வைக்காதீர்கள்.

இன்னொன்று ஜாக்கெட் பிட். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது, ஏனென்றால் பொதிந்த துணியே இன்னொரு பரிசு. 80 செ.மீ. சதுரமாக மடித்த துணியை டைமன் மாதிரி விரித்து, நடுவில் பொருளை வையுங்கள். எதிரெதிர் இரண்டு முனைகளைப் பொருளின் மேல் போர்த்துங்கள். மீதி இரண்டு முனைகளை மேலே தூக்கிக் கட்டுங்கள். முதலில் வலதை இடதின் மேல், அடுத்து இடதை வலதின் மேல். இரண்டையும் ஒரே மாதிரி போட்டால் முடிச்சு கோணலாக நிற்கும், அவிழ்ந்தும் போகும். துணியின் மூலைக்கு மூலை நீளம் பொருளைப்போல மூன்று பங்காவது இருக்க வேண்டும். 80 செ.மீ. சதுரத்தில் 35 செ.மீ. நீளப் பொருள் வரை தாராளமாக அடங்கும்.

பெரியவர்களுக்கு வேட்டி கொடுப்பதானால் துண்டில் பொதியலாம். சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு தொடங்கிய பிறகு அதைத் தூக்கிப் போகக் கூச்சப்பட்ட காலமும் போய்விட்டது. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரம் செதுக்கி, துணிச்சாயம் தொட்டு அச்சுக் குத்தினால் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

பெயர்ச் சீட்டு

கல்யாண வீட்டில் பரிசுகள் ஒரு மூலையில் மலையாகக் குவியும். மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்தால் யார் கொடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வெளியே ஒன்று, பெட்டிக்குள்ளே ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் எழுதுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் பிள்ளையார் படமும் பூவேலையும் இருக்கும் பகுதியை வெட்டினால் அருமையான சீட்டு. மறுபக்கம் பழைய மணமக்கள் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு நான் செய்வது வேறு. தினசரிக் காலண்டரில் அன்றைய தேதித் தாளை இரண்டு நாள் முன்னாலேயே கிழித்து (வீட்டில் திட்டு விழும்), அதைப் பத்திரிகை அட்டையில் ஒட்டிச் சீட்டாக்குவேன். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கீழே பொடி எழுத்தில் ராசிபலன் இருக்கும். வாங்குபவரின் ராசிக்கு நேரே 'நஷ்டம்' என்றோ 'பகை' என்றோ போட்டிருந்தால், அந்த வரியோடு கத்தரித்துவிட வேண்டியதுதான்.

மாம்பழக் கூடையும் மலைப்பாதையும்

கோடையில் வெளியூர் உறவுக்கு மாம்பழம் கொடுத்தனுப்பாத சேலத்து வீடு உண்டா? அதற்குக் கிஃப்ட் தாள் தேவையில்லை. பழம் மூச்சு விட வேண்டும், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து அழுகும். ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகப் பழைய தாளில் சுற்றி, காம்பு கீழே பார்க்க, கூடையில் வைக்கோலுக்கு நடுவில் அடுக்குங்கள். மேலே ஒரு புதுத் துண்டைப் போர்த்தி ஓரத்தைக் கூடையோடு சேர்த்துக் கயிறால் கட்டினால் முடிந்தது.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். பனியிலும் தூறலிலும் தாள் நமுத்துப்போகும், டேப் பிடிப்பு விட்டுப்போகும். மலைக்கு டேப்பை நம்பாமல் கயிறால் கட்டுங்கள், அல்லது துணியிலேயே பொதியுங்கள். மேலே இருந்து கீழே பரிசு கொண்டுவருபவர்களுக்கு மலையே அலங்காரம் கொடுக்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலைகள் ரோட்டோரம் கிடக்கும், அதற்காக எஸ்டேட்டுக்குள் நுழைய வேண்டாம். முன்பக்கம் சாதாரண இலைதான், பின்பக்கம் வெள்ளி. பழைய பேப்பர்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி ஒரு வாரம் அழுத்துங்கள். பிரவுன் தாளில், வெள்ளிப்பக்கம் மேலே தெரிய, கயிற்றுக்கு அடியில் ஒன்றே ஒன்று செருகுங்கள். இரண்டு வைத்தால் கசகசவென்று ஆகிவிடும்.

கண்ணாடிப் பொருளென்றால் பெட்டியை மூடும் முன் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் பேப்பர் கசக்கித் திணிக்க இடமிருக்கிறது. பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பித் தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே வைத்தாலும், மூன்றாவது வளைவிலேயே அது யார் மடிக்காவது வந்துவிடும்.